அப்பாவுக்குப் புல்வெளி காட்ட வேண்டுமா? விதை நாளுக்கே கூட்டிப் போங்கள்

கேள்வி: சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பாவும் (69) அம்மாவும் (64) வந்திருக்கிறார்கள், அக்டோபர் கடைசி வரை இருப்பார்கள். பிள்ளைகளுக்கு 6, 10 வயது. மேற்கே ஒன்றேகால் மணி நேரத் தொலைவில் உள்ள பிரெய்ரி (இயற்கைப் புல்வெளி) காப்பகத்தில் செப்டம்பரில் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஒன்று, டிராக்டர் வண்டிச் சவாரியோடு பொதுமக்களுக்கான திறந்த நாள். மற்றது, சனிக்கிழமை காலை வாலண்டியர்களோடு விதை சேகரிப்பு. எதற்குப் போகலாம்? அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர், முழங்கால் வலி உண்டு. "வெறும் புல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்கிறார். அம்மாவுக்கு உண்ணி, பாம்பு என்றால் பயம். பிள்ளைகளோ பைசன் (அமெரிக்கக் காட்டெருது) பார்த்தே ஆகவேண்டும் என்கிறார்கள்.

பதில்: முழங்கால் வலி என்றதும் நீங்கள் வண்டிச் சவாரிப் பக்கம் சாய்ந்திருப்பீர்கள். நான் விதை சேகரிப்புக்குத்தான் போகச் சொல்வேன், அதுவும் அந்த முழங்காலை மனதில் வைத்தே.

திறந்த நாள் கிட்டத்தட்ட ஒரு கோயில் திருவிழா மாதிரி. கார் நிறுத்தப் புல் மேட்டில் இடம் தேட வேண்டும், அங்கிருந்து கொட்டகை வரை நடக்க வேண்டும், வண்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வெயிலில் நிற்க வேண்டும். பிரெய்ரியில் மரநிழல் கிடையாது, மரம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே பாதி வேலை. வண்டியில் ஏற உயரமான படி, உட்கார வைக்கோல் கட்டு அல்லது பலகை, போகிற வழியெல்லாம் குலுக்கல். முழங்கால் வலிக்காரருக்கு இது சுகமான பயணம் இல்லை.

விதை சேகரிப்பில் குனிகிற வேலை குறைவு. செப்டம்பர் கடைசியில் பெரிய புளூஸ்டெம் புல் ஆள் உயரத்துக்கு நிற்கும், கதிர் குனியாமலே கைக்கு எட்டும். இடுப்பில் ஒரு பக்கெட்டைக் கட்டிக்கொண்டு, கதிரை அடியிலிருந்து மேலாக விரலிடுக்கில் உருவினால் போதும். கம்பங்கதிர் உருவிய கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். லேசாக உருவியதும் கையோடு வந்தால் முற்றியது, இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் பச்சை. களைத்தால் உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஒரு மடக்கு நாற்காலியை மட்டும் காரில் போட்டுக்கொள்ளுங்கள்.

"வெறும் புல்" என்கிறாரே, அதற்கும் அங்கேயே பதில் இருக்கிறது. அந்தப் புளூஸ்டெம் கரும்புக்கும் சோளத்துக்கும் வெட்டிவேருக்கும் பங்காளி, எல்லாம் ஒரே கிளை. கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழிக் கால்போல இருக்கும், பிள்ளைகள் அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்வார்கள். இந்த மண்ணின் கறுப்புக்குக் காரணம் இந்தப் புற்களின் வேர்தான். செடியின் பெரும்பங்கு தரைக்குக் கீழேதான் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும், மஞ்சளாகப் பூக்கிற காம்பஸ் செடியின் வேர் 15 அடி வரை இறங்கும், அதன் இலைகள் வடக்கு தெற்காக விளிம்பைக் காட்டி நிற்கும். இந்த வேர்ப் பின்னலும் பிசுபிசுப்பான மண்ணும் வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொண்டு உழவரைப் படுத்தியதால்தான் ஜான் டீர் 1837இல் கிராண்ட் டிட்டூர் என்ற சிற்றூரில் எஃகுக் கலப்பையைச் செய்தார். அந்த ஊரும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதன்பின் நடந்ததை மக்காச்சோளக் காடாகப் பார்த்துக்கொண்டேதான் நீங்கள் அங்கே கார் ஓட்டப் போகிறீர்கள். இல்லினாயில் ஒரு காலத்தில் 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி இருந்தது, உழுபடாத நல்ல நிலம் என்று இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 2,500 ஏக்கர். காப்பகங்களில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலானது இப்படி விதை எடுத்து, தூவி மீட்டது. டெல்டா விவசாயிக்கு இதைவிட வேறு என்ன விளக்கம் வேண்டும்?

எப்போது விதைப்பார்கள் என்று அப்பா கட்டாயம் கேட்பார். நவம்பர், டிசம்பரில், பனியை எதிர்பார்த்து. பல விதைகள் குளிரும் ஈரமுமாக ஒரு காலம் கிடந்தால்தான் முளைவிடும். நான் போகிற விதை சேகரிப்புக் குழுவில் ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "ஐப்பசி நாற்றங்காலைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற மாதிரி இருக்கிறது" என்றார். அதன்பின் மதியம் வரை கொட்டகையை விட்டு நகரவில்லை, உலர்த்துகிற தட்டுகளையே கிளறிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு இரண்டு செடிகளைக் காட்டுங்கள். ஒன்று, பிரெய்ரி டிராப்ஸீட். குட்டையான கொத்துப் புல், கதிர் விட்டிருக்கும்போது பக்கத்தில் நின்றால் கொத்தமல்லி வாசனை வரும். "இங்கே யார் தனியா வறுக்கிறார்கள்?" என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க வைக்கும். இன்னொன்று மில்க்வீட். இலையைக் கிள்ளினால் பால் வரும், காய் வெடித்தால் பட்டுப் பஞ்சு பறக்கும். நம் எருக்குக்கு அது உறவு. எருக்கஞ்செடியில் வளரும் நம் ஊர் ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சிக்கும், மில்க்வீட் தின்று வளர்ந்து செப்டம்பரில் இங்கிருந்து மெக்சிகோவுக்குப் பறக்கும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிக்கும் அதே மாதிரி உறவு. மோனார்க்கின் இறக்கையில் பொட்டு மாதிரி ஸ்டிக்கர் ஒட்டி விடும் நிகழ்ச்சி உங்கள் காப்பகத்தில் இருந்தால் பெரிய பிள்ளையை விட்டுவிடாதீர்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் மோனார்க் வாட்ச் திட்டம் 1992 முதல் நடத்திவரும் வேலை அது.

பைசன் விஷயத்தில் பிள்ளைகளிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லும் தூரமும் திசையும் பார்த்தால் நாச்சுசா புல்வெளி என்று நினைக்கிறேன். 1986இல் நேச்சர் கன்சர்வன்ஸி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கத் தொடங்கிய நிலம், 2014இல் 30 பைசன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை மேய்வது சுமார் 1,500 ஏக்கரில். மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் வண்டியில் போனாலும் கண்ணில் படாது. வண்டி ஏறியும் வெறும் சாணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் உண்டு. பைசன்தான் முக்கியம் என்றால், வேறொரு நாள் உங்கள் வீட்டுக்கு அருகிலேயே பட்டேவியாவில் உள்ள ஃபெர்மிலாப் என்ற இயற்பியல் ஆய்வகத்துக்குப் போங்கள். அதன் முதல் இயக்குநர் ராபர்ட் வில்சன் 1969இல் கொண்டுவந்த மந்தையின் வழி வந்தவை சாலையோர வேலிக்குள் நிற்கின்றன. அங்கேயும் ஒரு பிரெய்ரி உண்டு. ராபர்ட் பெட்ஸ் என்ற உயிரியல் பேராசிரியரின் யோசனையில், துகள் முடுக்கி வளையத்தின் நடுவில் 1975இல் விதைக்கத் தொடங்கியது. வாசலில் அடையாள அட்டை பார்ப்பார்கள், அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். கிளம்பும் முன் பார்வையாளர் விதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எங்கே பார்த்தாலும் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். அப்பா கொடைக்கானலில் காட்டுமாடு பார்த்திருந்தால், "அதுதானே இது?" என்பார். அது வேறு இனம், நாம்தான் அதையும் பைசன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மரியாதை இரண்டுக்கும் ஒன்றுதான். இங்குள்ள காளை 900 கிலோ வரை வளரும், மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வால் மேலே தூக்கினால் கோபம் என்று அர்த்தம்.

இனி உண்ணி. பயப்பட வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் எள்ளளவு குஞ்சுகள் அதிகம் திரிவது மே முதல் ஜூலை வரை. செப்டம்பரில் அந்தத் தொல்லை குறைவு, அக்டோபர் நவம்பரில் வளர்ந்தவை கிளம்பும். அம்மா அன்றைக்கு மட்டும் சேலை வேண்டாம். வெளிர்நிறச் சுடிதார், முழுக்கை, பேன்ட் காலை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். பார்க்க அழகாக இருக்காது, அங்கே எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து துணிக்கு மட்டும், முதல் நாளே அடித்துக் காயவைக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும் வரை கிட்டே விடாதீர்கள். தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் கலந்த பூச்சி விரட்டி, பிள்ளைகளின் கைகளிலும் கண், வாய் அருகிலும் தடவாதீர்கள்.

வீடு திரும்பியதும் துணியைத் துவைக்கும் முன்பே டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓடவிடுங்கள். துவைத்தால் சாகாத உண்ணியும் அதில் செத்துவிடும். பிறகு குளியல். முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மாட்டு உண்ணிக்குச் செய்கிற வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சிச் சூடு எதுவும் இங்கே வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் லைம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ, கடித்த இடத்தைச் சுற்றிப் பரவும் சிவப்போ வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பாம்புக்காக அம்மா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து வருடத்துக்கு மேலாகச் சனிக்கிழமைகளில் போகிறேன், என் காலடியில் ஓடியதெல்லாம் முதுகில் கோடு போட்ட ஒல்லியான கார்ட்டர் பாம்புகள், மனிதருக்கு அவற்றால் ஆபத்து இல்லை. நான் உண்மையில் எச்சரிப்பது காட்டு பார்ஸ்னிப் செடியை. அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் போடும். தெரியாத செடியைக் கையுறை இல்லாமல் ஒடிக்கவே கூடாது, மூவிலைக் கொத்தாக நிற்கும் விஷ ஐவியையும் தொடக் கூடாது. அப்பாவுக்கு ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் கையில் இருக்கட்டும், செப்டம்பர் ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தக் காலம். பளிச்சென்று மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்ராடைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். பாவம், அதன் மகரந்தம் காற்றில் பறக்காது, தேனீதான் சுமக்கிறது.

பதிவு செய்யும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். 6 வயதுப் பிள்ளையைச் சேர்ப்பார்களா, அன்று எந்த விதை எடுக்கிறார்கள் (தரையோடு படரும் செடி என்றால் அப்பாவுக்கு அந்த வாரம் வேண்டாம்), கழிப்பறை எங்கே. பெரும்பாலும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு போர்ட்டபிள் டாய்லெட் இருக்கும், வயலில் எதுவும் இருக்காது. பெற்றோர் சுற்றுலா விசாவில் இருப்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சம்பளமில்லாத அரைநாள் வேலைதான், இருந்தாலும் சில இடங்களில் விதி வேறு. பிள்ளைகளுக்காக ஒப்புதல் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். தண்ணீரும் சாப்பாடும் உங்களுடையது, தயிர்சாதம் தாராளமாகப் போதும். காலை ஒன்பது மணிக்கு ஸ்வெட்டர் கேட்கும், பதினொன்றுக்குக் குடை கேட்கும்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் காரிலேயே சொல்லிவிடுங்கள். பூ பறிக்கக் கூடாது, ஒரு பிடி விதை கூட வீட்டுத் தோட்டத்துக்கு வரக் கூடாது. எடுப்பதெல்லாம் அந்த நிலத்துக்கே திரும்பப் போகிறது, எண்ணி எடுத்து எழுதியும் வைக்கிறார்கள். அம்மா கேட்காவிட்டாலும் வந்து சேர்வது ஒன்று உண்டு. நம் நாயுருவி மாதிரியே துணியில் ஒட்டிக்கொள்ளும் டிக் டிரெஃபாய்ல் காய்கள், தட்டையாக, பச்சைப் பழுப்பு நிறத்தில். பெயரில்தான் 'டிக்' என்று உண்ணி, ஆள் வெறும் விதை. சாக்ஸிலும் துப்பட்டாவிலும் வரிசையாக ஒட்டியிருக்கும். காரில் ஏறும் முன் நின்று பிய்த்து அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் பசி என்று கத்துவார்கள், தயிர்சாத டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.