பதினாலு வரி, இரண்டரை மணி நேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. காலையில் டீ குடித்துக்கொண்டே அன்றைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவிடுவேன். பன்னிரண்டு, பதினாலு வரி வரும். ராத்திரி பார்த்தால் நாலோ ஐந்தோதான் அடித்திருப்பேன். மிச்சத்தை மறுநாள் பக்கத்தில் திரும்ப எழுதுவேன். 'இன்சூரன்ஸ்' என்ற வரி மட்டும் ஒன்பது நாளாக அப்படியே வந்துகொண்டிருக்கிறது. போனில் ஆப் போட்டும் பார்த்தேன். அது மணியடித்து மணியடித்து எரிச்சல்தான் மிச்சம். எனக்குச் சுறுசுறுப்பு போதவில்லையா, எழுதுகிற முறை தப்பா? நேற்றைய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

க., திருமங்கலம்

அன்புள்ள க.,

படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ரேஷன், பேங்க் பாஸ்புக், அம்மா கண் டாக்டர், இன்சூரன்ஸ், பீரோ அடுக்க, சித்திக்கு போன், ப்ளவுஸ் வாங்க, கடைசிக்கு முந்தின வரியில் அம்மா பிரஷர் மாத்திரை. உங்களுக்குச் சுறுசுறுப்பு குறைவு என்று அந்தப் பக்கத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. எட்டு மணிக்கு பஸ் ஏறி, ஏழு மணிக்கு வீடு திரும்பி, அதற்குப் பிறகும் ஐந்து வேலை முடித்திருக்கிறீர்கள்.

கணக்கு மட்டும் பார்ப்போம். காலையில் சமையல் போக அரை மணி நேரம் கிடைக்கும். மதியம் சாப்பிட்டபின் அரை மணி. ராத்திரி ஒன்றரை மணி. மொத்தம் இரண்டரை மணி நேரம். அந்தப் பதினாலு வரிக்கும் பக்கத்தில் நிமிடம் போட்டுக் கூட்டிப் பார்த்தேன், கை இறுக்கிப் போட்டும் எட்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. அந்தப் பட்டியல் ராத்திரி தோற்கவில்லை, காலையில் டீ குடிக்கும்போதே தோற்றுவிட்டது.

இது உங்கள் ஒருவர் குணமும் இல்லை. 1979-இல் கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். நம் வேலைக்கு ஆகும் நேரத்தை நாம் எப்போதும் குறைத்தே போடுவோம், போன தடவை எவ்வளவு ஆனது என்று தெரிந்திருந்தாலும். 1994-இல் வெளியான ஒரு ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55 நாளுக்கு மேல். மோசமான நிலையை நினைத்துப் போட்ட கணக்கே போதவில்லை, பாருங்கள்.

இந்தக் கணக்கைச் சரியாகப் போடுகிற ஒருவரை எனக்குத் தெரியும், எங்கள் டெய்லர். முன்பு புதுமண்டபத்தில் கல்தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்தார். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது அவரும் மாறினார். துணியைக் கொடுத்தால் முதலில் அதைத் தொடமாட்டார், நோட்டைத்தான் திறப்பார். ஒரு தேதிக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஆறு வரி. ஐந்து வரியில் பில் நம்பர் இருந்தால், "வியாழன் நிறைஞ்சிருச்சுக்கா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க" என்பார். ஒரு வரி காலியாகத்தானே இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "அது ஆல்ட்ரேஷனுக்கு. கல்யாணத்துக்குக் கிளம்பி நின்னுக்கிட்டு கை டைட்டா இருக்குன்னு யாராச்சும் வருவாங்க, வராம இருக்க மாட்டாங்க" என்றார். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் பார்த்து, இனி ஆர்டர் எடுப்பதில்லை என்று அட்டை எழுதித் தொங்கவிட்டுவிடுவார். இன்னொன்றும் கவனித்தேன். தைத்து முடித்ததும் அவர் வரியை அடிப்பதில்லை. ஹெம்மிங் போட்டு, கொக்கி வைத்து, தேய்த்து மடித்து, பில் சீட்டை அதில் குத்திய பிறகுதான் அடிப்பார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் காலி வரியைத்தான். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். உள்ளங்கை அளவுதான், ஐந்து வரிக்கு மேல் எழுதினால் எழுத்து நெருக்கியடிக்கும். நாலு எழுதி ஒன்றை விட்டுவிடுவேன். அந்த இடத்துக்கு ஏதாவது வந்தே தீரும், பக்கத்து வீட்டு விருந்தாளியோ, நின்றுபோன மோட்டாரோ. உங்கள் தெருவில் தண்ணீர் விடுகிற நாளென்றால் இரண்டே வரி எழுதுங்கள், போதும். எழுதுவதை முந்தின ராத்திரியே எழுதிவிடுங்கள். காலை டீயோடு எழுதும்போது ஆசை அதிகமாக இருக்கும், ராத்திரி எழுதும்போது உடம்பு உண்மையைச் சொல்லும்.

சமையல், துணி இதையெல்லாம் எழுதவேண்டாம், எழுதாவிட்டாலும் அவை நடக்கும்.

இனி அந்த 'இன்சூரன்ஸ்'. அது ஒரு வேலையே இல்லை, அது ஒரு விஷயம். அதற்குள் நாலைந்து வேலை ஒளிந்திருக்கிறது. பாலிசி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், தவணை தேதி பார்க்க வேண்டும், ஏஜென்டுக்கு போன் செய்ய வேண்டும். வரியைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறது. நாளைக்கு இப்படி எழுதுங்கள்: 'ராத்திரி சாப்பிட்டதும் பீரோ மேல்தட்டிலிருந்து பாலிசி பேப்பரை எடுத்து ஆபீஸ் பையில் வைக்க.' பத்து நிமிடம். மறுநாள்: 'மதியம் டிபன் பாக்ஸ் கழுவியதும் ஏஜென்டுக்கு போன்.' எப்போது, எதற்குப் பிறகு என்பதும் வரியிலேயே இருக்கட்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். "செய்வேன்" என்று மட்டும் நினைப்பவர்களைவிட, "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போட்டுவைப்பவர்கள் அதிகம் முடிக்கிறார்கள். பாஸ்புக்கையும் அப்படியே ஆபீஸ் போகிற வழியிலுள்ள கிளையோடு முடிச்சுப் போடுங்கள்.

கண் டாக்டர் தினசரிப் பட்டியலில் இருக்க வேண்டிய வரி இல்லை. கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்துப் பார்த்து முடிக்க அரை நாள் ஆகும். லீவு சொல்லி, காலண்டரில் தேதி போட வேண்டிய வேலை அது. தம்பி இருக்கிறார் என்று முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அவரிடம் கேட்டீர்களா? மூன்று நாள் தொடர்ந்து திரும்ப எழுதிய எந்த வரிக்கும் நான் ஒன்று தேதி போடுவேன், அல்லது வேறு ஆளிடம் கொடுப்பேன், இல்லையென்றால் அடித்துவிடுவேன். பீரோவை அடித்துவிடுங்கள். சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்னால் எல்லோருமாகச் சேர்ந்து அடுக்கிக்கொள்ளலாம்.

மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. என் அப்பா இருந்த காலத்தில் நானும் உங்களைப் போலத்தான் எழுதுவேன். 'அப்பா மாத்திரை' என்ற வரி ஒன்பதாவதாகவோ பத்தாவதாகவோ இருக்கும். ஒரு சனிக்கிழமை ராத்திரி அட்டை காலியானது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் மருந்துக்கடை திறக்கவில்லை. திங்கள் காலையில் அவருக்குத் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு என் பட்டியலில் எட்டு வரி அடித்திருந்தது. அந்த எட்டும் என்ன வேலை என்று இன்று ஒன்றுகூட ஞாபகமில்லை.

ஆகவே நாளைய தாளில் முதல் வரி அம்மா மாத்திரை. பஸ் ஏறுவதற்கு முன்னால், கடை திறந்திருந்தால் அங்கேயே. இல்லாவிட்டால் ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கியதும், வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால். ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா