பொடிமீனுக்கு எந்தத் தூண்டில்?

கேள்வி: கிருஷ்ணகிரியில் வசிக்கிறேன். தென்பெண்ணையிலும் ஏரிகளிலும் கெண்டைப்பொடி, ஜிலேபி பிடிக்கவும், கடலூரில் உறவினர் வீட்டுக்குச் செல்லும்போது கழிமுகத்தில் கிழங்கான் பிடிக்கவும் ஒரே தூண்டில் போதுமா? ‘முழு கார்பன்’ என்ற விளம்பரத்தை நம்பி, கோல், ரீல், நரம்பு, முள் அனைத்தும் அடங்கிய தொகுப்பை இணையத்தில் வாங்கினேன். வந்ததோ கண்ணாடியிழைக் கோல். உறையிலும் அப்படியே அச்சிட்டிருக்கிறது. பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார் விற்பனையாளர்.

பதில்: நுனி நன்கு வளையும் இலேசான கோல் ஒன்றே இரண்டு இடங்களுக்கும் போதும். சிறு மீனைப் பொறுத்தவரை கோலைவிட முள்ளும் நரம்புமே முக்கியம். தொகுப்பாக விற்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவதும் அங்கேதான். கட்லாவுக்கு ஏற்ற பெரிய முள்ளில் மாவு வைத்துக் கெண்டைப்பொடிக்குப் போட்டால், தக்கை இரண்டு முறை துடித்து நின்றுவிடும். தூக்கிப் பார்த்தால் மாவு மட்டும் காணாமற்போயிருக்கும்.

முள்ளின் எண் கூடக்கூட அளவு சிறுத்துக்கொண்டே போகும் என்பதை அறியாமல், 16 கேட்க வேண்டிய இடத்தில் 6 வாங்கி வருபவர்கள் பலர். கெண்டைப்பொடிக்கு 16 அல்லது 18, ஜிலேபிக்கும் கிழங்கானுக்கும் 8 முதல் 12 வரை பொருந்தும். மிகச் சிறிய முட்கள் சில நரம்பைக் கோக்கும் காது இல்லாமல், அடிப்பக்கம் தட்டையாக வரும். அவற்றைக் கட்டப் பழக்கம் வேண்டுமாதலால், புதியவர்கள் காதுள்ள முள்ளையே கேட்டு வாங்குவது நல்லது. முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கல், பற்றினால் கூர். நரம்பு, அதாவது தங்கூஸ், 0.14 முதல் 0.18 மில்லிமீட்டர் தடிமன் போதும். கழிமுகத்தில் பயன்படுத்திய ரீலை அன்றே நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தாவிட்டால் உப்பு அரித்துவிடும். அதை உத்தரவாதக் குறையாக எந்தக் கடைக்காரரும் ஏற்க மாட்டார்.

இனி உங்கள் புகாருக்கு வருவோம். கண்ணாடியிழை என்பது குறையன்று; அடிபட்டாலும் எளிதில் உடையாத அது பழகுபவருக்கு உகந்ததே. (கார்பனோ மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மின்கம்பி செல்லும் ஏரிக்கரையில் நீளக் கோலை உயர்த்துவது ஆபத்து.) கார்பன் என்று சொல்லி விற்றதுதான் தவறு. விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லையென்றால், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் கூறுகின்றன. உறையைப் பிரித்தது இதற்குத் தடையாகாது.

விளம்பரப் பக்கம் மாற்றப்படும் முன் அதைப் படமெடுத்து, ரசீதோடும் உறையோடும் சேர்த்து வைத்துக்கொண்டு, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். பதில் திருப்தியில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம். அதன் பிறகும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம்; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

அணை, ஏரி நீரில் மீன்பிடி உரிமை குத்தகைதாரரிடமோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமோ இருப்பது வழக்கமாதலால், புதுக் கோலுடன் கிளம்பும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள்.