நாற்பது தட்டும் கட்டைக்குரல் மாமியாரும்

கேள்வி: ஜெரால்ட் பாரி என்ற அயர்லாந்து இசையமைப்பாளரின் ஓபராவில், பாடிக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டுத் தட்டுகளைப் போட்டு உடைக்கிறார்களாமே? பிடிலும் குழலுமாக இனிய மரபு கொண்ட நாட்டிலிருந்து இப்படியொரு கூத்தா? இதையும் சங்கீதம் என்று எழுதுவீர்களா?

பதில்: தாராளமாக எழுதுவேன். கூத்து என்று சொன்னதிலும் எனக்கு வருத்தமில்லை. பாட்டும் வேஷமும் கூடினால் கூத்துதான். ‘போட்டு உடைக்கிறார்கள்’ என்கிறீர்களே, அங்கேதான் இடறுகிறது. ஆத்திரத்தில் தட்டை எறிவது வேறு. எந்த இடத்தில் எந்தத் தட்டு என்று தாளக் கணக்கோடு எழுதிவைத்து உடைப்பது வேறு.

நீங்கள் குறிப்பிடுவது ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னெஸ்ட்’. ஆஸ்கர் வைல்டின் நாடகம், 1895-இல் லண்டனில் மேடையேறியது. அதில் க்வெண்டலினும் செசிலியும் தேநீர் மேஜையில் மோதிக்கொள்வார்கள். எர்னெஸ்ட் என்பவன் தனக்குத்தான் நிச்சயமானவன் என்று இருவருமே நம்புகிறார்கள். வேலைக்காரர்கள் அருகில் நிற்பதால் வாய்விட்டுச் சண்டை போட வழியில்லை. ஆகவே, சர்க்கரை வேண்டாம் என்றவளின் கோப்பையில் நான்கு கட்டி விழுகிறது. ரொட்டியும் வெண்ணெயும் கேட்டவளுக்குக் கேக் வருகிறது. வைல்ட் அதோடு நிறுத்திக்கொண்டார். பாரி அந்த மரியாதையின் மூடியைத் திறந்துவிட்டார். இரு பெண்களின் சண்டையும் மெகாபோன் வழியாக வருகிறது. சொற்கள் அசை அசையாக நறுக்கப்படுகின்றன. ஒவ்வொரு நறுக்குக்கும் தாளக் கலைஞர் ஒரு தட்டை உடைக்கிறார். மொத்தம் 40 தட்டுகள். கை பிசகினால் அடுத்த சுற்றில் சரிசெய்துகொள்ளலாம் என்றால், அந்தத் தட்டு இருக்காது.

க்வெண்டலினின் தாயார் லேடி பிராக்னெலைப் பாடுவது கட்டைக்குரல் ஆண். மாப்பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்யும் அந்த வருங்கால மாமியார் திடீரென்று ஜெர்மன் மொழியில் கவிஞர் ஷில்லரின் ‘இன்பத்தின் பாட்டை’ எடுத்துவிடுவார். பேத்தோவன் ஒன்பதாம் சிம்பொனியில் வைத்த அதே வரிகள்; மெட்டு மட்டும் பாரியுடையது. மூல வசனத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எறிந்துவிட்டு இதற்கெல்லாம் இடம் பிடித்திருக்கிறார். 2011-இல் லாஸ் ஏஞ்சலீஸில் இங்கிலாந்து இசையமைப்பாளர் தாமஸ் அடேஸ் இசைக்குழுவை நடத்த, கச்சேரி வடிவில் அரங்கேறிய படைப்பு இது.

இனி உங்கள் பிடிலுக்கு வருகிறேன். அந்த மரபின் கோட்டை என்று பெயர் பெற்றது கிளேர் மாவட்டம். பாரி 1952-இல் பிறந்ததும் அங்கேதான்! ஆனால் சிறுவனைப் பிடித்து உலுக்கியது வானொலியில் ஒரு பெண் பாடிய, பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹாண்டெலின் பாட்டு. அதுவும் அயர்லாந்துக்கு அந்நியமான சரக்கல்ல. ஹாண்டெலின் ‘மெசையா’ முதன்முதலில் பாடப்பட்டது 1742-இல் டப்ளினில். பிறகு பாரி ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் போய் ஸ்டாக்ஹவுசன், மவுரிசியோ காகல் என்ற புதுமை இசையமைப்பாளர்களிடம் படித்தார். வாத்தியக்காரரின் அசைவுகளையே நாடகமாக்கிய மனிதர் காகல். தட்டுகள் வானத்திலிருந்து விழவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லாமே தேன் என்று சொல்ல மாட்டேன். 1990-இல் வந்த முதல் ஓபரா ‘தி இன்டெலிஜென்ஸ் பார்க்’, பதினெட்டாம் நூற்றாண்டு டப்ளினில் ஓர் இசையமைப்பாளர் காஸ்ட்ராட்டோ (குரல் உடையாமலிருக்கச் சிறுவயதிலேயே காயடிக்கப்பட்ட) பாடகர்மேல் மையல் கொள்ளும் கதை. பாடல்வரிகள் புதிர் போட்டிபோல் இருக்கும். இரண்டு முறை கேட்டும் எனக்குப் பாதி பிடிபடவில்லை. பாடகர்களுக்கு மூச்சுவிட நேரம் தராமல் விரட்டுவதும் பாரியின் பழைய குற்றம்தான். லூயிஸ் கரோலின் ‘ஆலிஸ்’ கதைகள் இரண்டையும் ஒரு மணி நேர ஓபராவுக்குள் அடைத்தவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நம் தவறு.

ஆனால் அவருக்கு வேடிக்கை மட்டும்தான் தெரியும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டொரோண்டோ விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையைக் கடக்கும்போது தோன்றிய யோசனையை ‘கனடா’ என்ற படைப்பாக்கினார். 2017-இல் லண்டன் புரோம்ஸ் இசை விழாவில் பாடப்பட்டது. ‘மெதுவாகப் பேசு, நம்மைக் கண்ணும் காதும் கவனிக்கின்றன’ என்று பேத்தோவனின் ‘ஃபிடேலியோ’ ஓபராவில் கைதிகள் பாடும் வரிகளை ஒரு டெனர் (உயர்குரல் ஆண்) பாடுகிறார், நடுநடுவே ‘கனடா’ என்று முழங்கிக்கொண்டு. முதலில் சிரிப்பு வருகிறது. பெல்ட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற நினைவு வந்ததும் அது நின்றுவிடுகிறது.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் ஓபரா அல்ல. 2008-இல் எழுதிய ‘பேத்தோவன்’ என்ற சிறு படைப்பைக் கேளுங்கள். ‘அழியாக் காதலி’ என்று அழைத்த பெண்ணுக்கு அந்த மகான் எழுதிய கடிதத்தை ஒரு பாஸ் குரல் (கட்டைக்குரல்) பாடும், உடைவதற்கு அதில் மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். பிறகு தட்டுக்கு வாருங்கள். ஹெட்போனில் கேட்பதானால் அந்தக் காட்சிக்கு முன்னால் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் குறைக்காமல் கேட்டேன். பக்கத்து அறையிலிருந்து உதவி ஆசிரியர் ஓடிவந்துவிட்டார்.