வெயில் தாங்கும் மரபணு: நாட்டு மாடுகள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கோடையைப் பற்றித்தான். பால் குறைகிறது, மாடு இரைக்கிறது, நாட்டு மாட்டுக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

நாட்டு மாடு வெயிலைத் தாங்கக் காரணமான மரபணு எது? ரத்தம் எடுத்துச் சோதித்துச் சொல்ல முடியுமா? (பல்லடம்)

அப்படி ஒற்றை மரபணு கிடையாது. வெயிலைத் தாங்குவது உடம்பில் பல இடங்களில் தனித்தனியாக நடக்கும் வேலை. திமிலுள்ள நம் மாடுகளின் வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, தோலின் மேற்பரப்பை ஒட்டி இருப்பவை. முடி குட்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் சூடு தங்காது. உள்ளே வளர்சிதை மாற்றம் நிதானமாக நடப்பதால், உடம்பு உண்டாக்கும் சூடே குறைவு. இன்னும் உள்ளே, செல் அளவிலும் வித்தியாசம் உண்டு. சூடு ஏறினால் செல்லில் உள்ள புரதங்கள் உருக்குலையத் தொடங்கும். அவற்றைத் தாங்கிப் பிடிப்பவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். இந்திய மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட பிராமன் இனத்தின் கருக்கள், ஆய்வுக்கூடத்தில் சூடேற்றிப் பார்த்தபோது ஐரோப்பியக் கறவை இனமான ஹோல்ஸ்டீனின் கருக்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. கோடையில் கலப்பின மாடுகள் சினை நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருவதைப் பார்த்தவர்களுக்கு இதன் முக்கியத்துவம் புரியும்.

அலைதாடியும் திமிலும்தான் மாட்டைக் குளிர வைக்கின்றன என்று பலரும் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் 1950-களில் சிவப்பு சிந்தி காளைகளுக்கு அவற்றை அறுவை செய்து நீக்கியே பார்த்துவிட்டார்கள். வெப்பம் தாங்கும் திறன் பெரிதாகக் குறையவில்லை. கண்ணுக்குத் தெரியும் உறுப்பை நம்பி மாடு வாங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஒவ்வொரு குணத்துக்கும் பின்னால் பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கின்றன. திமிலுள்ள மாடும் ஐரோப்பிய மாடும் பிரிந்தே பல லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நம் பக்கத்து மாடு சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய பலுசிஸ்தானில் உள்ள மெஹர்கர் வட்டாரத்தில் வீட்டு விலங்கானது. அத்தனை காலம் வெயிலும் உண்ணியும் பஞ்சமும் சலித்துச் சேர்த்த சொத்து, ஒரே இடத்தில் இருக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. கரீபியன் தீவான செயின்ட் க்ரோயின் செனபோல் மாடுகளுக்கு முடி மிகக் குட்டை. புரோலாக்டின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பி மரபணுவில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து விடுபட்டதுதான் காரணம் என்று 2014-ல் கண்டுபிடித்தார்கள். இந்த மாற்றத்தைச் சுமக்கும் ஹோல்ஸ்டீன் மாடுகள் வெயிலில் உடல் சூட்டை நன்றாகக் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் அது அங்கே தனியாகத் தோன்றிய மாற்றம். நம் மாட்டின் குட்டை முடிக்கும் அதுவே காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சோதனை விஷயத்துக்கு வருவோம். டிஎன்ஏ-வில் ஆயிரக்கணக்கான இடங்களை ஒரே சமயத்தில் படிக்கும் ‘கௌ சிப்’ 2024-ல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. நல்ல கருவிதான். ஆனால் எந்த மாடு வெயிலில் எவ்வளவு சூடானது, எவ்வளவு பால் குறைந்தது, எத்தனை முறை சினை நின்றது என்ற பதிவுகள் அதன் பக்கத்தில் இருந்தால்தான் அது பேசும். நம்மிடம் பஞ்சம் அந்தப் பதிவுகளுக்குத்தான்.

காங்கயம் கன்று செவலையாகப் பிறந்து அப்புறம் மயிலையாக மாறுகிறதே, இதற்கும் வெயிலுக்கும் தொடர்பு உண்டா? (தாராபுரம்)

உண்டு, ஆனால் நிறத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது. மயிலை மாட்டின் விலாவில் முடியை விரலால் விலக்கிப் பாருங்கள். மேலே வெளிர் முடி, அடியில் கறுத்த தோல். வெளிர் முடி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. கறுத்த தோல் புற ஊதாக் கதிர் உள்ளே போகாமல் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு. முடியும் வெளுப்பு, தோலும் வெளுப்பு என்றால் தோல் வெந்து புண்ணாகும்.

பிறக்கும்போது இருக்கும் செந்நிறம் சில மாதங்களில் போய்விடும். பொலிகாளைக்கு ஆண் ஹார்மோன் காரணமாகத் திமிலும் முன்பின் சப்பைகளும் கறுத்துவிடும். காயடித்த எருதில் அந்தக் கறுப்பு இருக்காது. ஒரே மரபணுத் தொகுப்பு வயதுக்கும் ஹார்மோனுக்கும் ஏற்ப வேறு வேறு நிறம் காட்டுகிறது. ஆகவே செவலைக் கன்றைப் பார்த்ததும் கலப்பு என்று முடிவு கட்டி விற்றுவிடாதீர்கள்.

ஜெர்ஸி கலப்பு மாட்டுக்கு மறுபடியும் ஜெர்ஸி சினை ஊசி போட்டோம். தாய் நன்றாக இருந்தது. அதன் கிடேரிகள் வெயிலில் மூச்சு வாங்குகின்றன. மரபணு கெட்டுவிட்டதா? (திண்டிவனம்)

கெடவில்லை, பங்கு மாறியிருக்கிறது. முதல் கலப்பில் ஒவ்வொரு மரபணுவிலும் ஒரு பிரதி நாட்டு மாட்டிடமிருந்து, ஒரு பிரதி ஜெர்ஸியிடமிருந்து வரும். எங்கும் நாட்டு மாட்டுப் பிரதி ஒன்றாவது இருக்கும். அதனால்தான் தாய் பாலும் கொடுத்தது, வெயிலையும் தாங்கியது. மறுபடி ஜெர்ஸி ஊசி போட்டதும் ஜெர்ஸி பங்கு 75 சதவீதமாகிறது. சராசரியாகப் பாதி இடங்களில் இரண்டு பிரதிகளுமே ஜெர்ஸியாகிவிடும். அடுத்த ஊசியில் 87.5. அதனால்தான் அயல் ரத்தத்தை 50 முதல் 62.5 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள் என்று இங்கே பரிந்துரைக்கிறார்கள். அந்த வரம்புக்குள் நிற்க, அடுத்த ஊசியை ஐம்பது சதவீதக் கலப்பினக் காளையினுடையதாகக் கேட்டு வாங்குங்கள்.

வெயிலோடு நோயும் வரும். உண்ணி பரப்பும் தைலீரியா காய்ச்சலில் அயலினங்களும் கலப்பினங்களும் மோசமாக விழும். சாஹிவால் போன்ற நாட்டு இனங்களுக்கும் தொற்று வரும், ஆனால் காய்ச்சல் அடங்கிப் பெரும்பாலும் எழுந்துவிடும். இதுவும் மரபில் வருவதுதான்.

சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். பால் உற்பத்தியே உடம்பில் சூட்டைக் கிளப்பும். நாட்டு மாடு குளிர்ச்சியாக இருப்பதற்கு ஒரு பகுதிக் காரணம், அது குறைவாகக் கறப்பது. இருபது லிட்டர் கறந்து, காங்கயம் போல வெயிலில் மேயும் மாடு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு விற்பதற்கு ஆள் இருப்பார்கள். நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போதைக்கு, பிற்பகலில் நிழலில் நிற்கும் கிடேரியின் விலா ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் வெப்ப அயர்ச்சி தொடங்கிவிட்டது என்று பொருள். உடம்பை நனைத்து, காற்று படும்படி கட்டுங்கள்.

ஏ2 பால் தரும் மாடு என்றால் வெயிலும் தாங்குமா? (சேலம்)

சம்பந்தமில்லை. ஏ1, ஏ2 என்பது பாலில் உள்ள பீட்டா கேசீன் புரதத்தில் 67-ஆவது அமினோ அமிலம் எது என்பதைப் பொறுத்தது. அந்த மரபணுவுக்கும் வியர்வைக்கும் தொடர்பு கிடையாது. ஏ2 கொண்ட ஜெர்ஸியும் இருக்கிறது. அது ஜெர்ஸி போலத்தான் இரைக்கும்.

குஜராத்திலிருந்து கிர் மாடு வாங்கி வந்தோம். நாட்டு மாடுதானே, டெல்டாவில் ஏன் சோர்கிறது? (திருத்துறைப்பூண்டி)

‘நாட்டு மாடு’ என்று ஒரே மாடு இல்லை. கிர் சௌராஷ்டிரத்தின் வறண்ட வெயிலுக்குப் பழகிய இனம். அங்கே வியர்வை உடனே காயும், மாடு குளிரும். உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்த்தாலும் காயாது. அதோடு சேறு, உப்புத் தண்ணீர், வேறு புல்.

உங்கள் மண்ணின் மாடு உம்பளச்சேரி. தெற்கத்தி மாடு, மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். உடம்பு கச்சிதம், சேற்று வயலில் உழவே தேர்ந்தெடுத்து வளர்த்த மாடு, கடலோரத்து உவர் நிலப் புல்லை மேய்ந்து வளர்ந்தது. பர்கூர் மாட்டுக்கு மலைக்காடு, புலிக்குளம் மாட்டுக்கு ஊர் ஊராகக் கிடை போட்டு நடக்கும் வாழ்க்கை, காங்கயத்துக்குக் கொறங்காடு எனும் வேலியடைத்த மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப் புல். ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்குச் செதுக்கப்பட்டது.

கிர் மாட்டை விற்றுவிடச் சொல்லவில்லை. நிழலும் காற்றோட்டமும் கொடுத்துப் பாருங்கள். ஆனால் கிர் காளையை உம்பளச்சேரிப் பசுக்களோடு சேர்க்க வேண்டாம். ஜெர்ஸி கலந்தால் கலப்படம், கிர் கலந்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. இரண்டிலும் உம்பளச்சேரியின் மரபணுக்கள்தான் கரைகின்றன.

எங்கள் ஊரில் நூறு நாட்டுப் பசுக்கள், நல்ல பொலிகாளை ஒன்றே ஒன்று. இது போதாதா? (சிவகங்கை)

சினை பிடிக்கப் போதும், இனம் பிழைக்கப் போதாது. இதற்கு எளிய கணக்கு இருக்கிறது. ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு காளை, நூறு பசு என்றால் 400-ஐ 101-ஆல் வகுக்கிறோம்: நான்குக்கும் கொஞ்சம் குறைவு. அதாவது மரபணுக் கணக்கில் உங்கள் ஊரில் இருப்பது நூறு மாடுகள் அல்ல, நான்கே மாடுகள். எல்லாக் கன்றுகளுக்கும் தகப்பன் அதே ஒரு காளை என்பதால், பசுக்களை இருநூறாக்கினாலும் அந்த நான்கு நகராது. அதே நூறு பசுக்களுக்குப் பத்துக் காளைகள் வைத்தால் எண் 36-ஆக ஏறும். இந்த எண் குறைந்தது ஐம்பது இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அப்போதுதான் உள்ளினச் சேர்க்கை, அதாவது நெருங்கிய உறவுக்குள் நடக்கும் சேர்க்கையின் அளவு, தலைமுறைக்கு ஒரு சதவீதத்துக்குள் நிற்கும்.

வெயிலோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. அடுத்த நூறு ஆண்டுகளின் வெப்பத்துக்கு எந்த மரபணு வடிவம் உதவும் என்று முன்கூட்டித் தெரியாது. வேறுபாடு மந்தையில் இருந்தால்தான் தேர்ந்தெடுக்க ஏதாவது மிஞ்சும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டு மாடுகள் நாடு முழுவதும் 14.21 கோடி, அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட 6 சதவீதம் குறைவு. அந்தக் கோடிகளைவிட எனக்குக் கவலை, ஒவ்வொரு இனத்திலும் எத்தனை காளைகள் மிஞ்சியிருக்கின்றன என்பதில்தான். பக்கத்து ஊர்களோடு பேசி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காளைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

விந்தை உறைய வைத்துச் சேமித்தால் இனத்தைக் காப்பாற்றியதாகாதா? (மதுரை)

பாதி காப்பாற்றியதாகும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் விந்து பல பத்தாண்டுகள் கெடாது. ஆனால் பசுக்கள் எல்லாம் போய், விந்து மட்டும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு இனப் பசுவில் ஊசி போட்டால் கன்றில் 50 சதவீதம். அடுத்தடுத்து 75, 87.5, 93.75, ஐந்தாம் தலைமுறையில் சுமார் 97. தலைமுறைக்கு நான்கு ஆண்டுகள் என்றாலே இருபது ஆண்டுகள். அப்போதும் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாகவே வருவதால், பழைய இனத்துடையது திரும்பாது. பிரேசிலின் நெலோர் மாடுகள் இதற்குச் சாட்சி. நம் ஓங்கோல் காளைகளைக் கொண்டு உள்ளூர்ப் பசுக்களில் திரும்பத் திரும்பக் கலந்து வளர்த்த இனம் அது. பார்வைக்கு அச்சு அசல் ஓங்கோல். மைட்டோகாண்ட்ரியாவைச் சோதித்தால் பெரும்பாலானவற்றில் ஐரோப்பிய வழி தெரிகிறது.

எனவே விந்தோடு கருக்களையும் சேமிக்க வேண்டும். அதோடு பசுக்கள் மேய்ச்சல் நிலத்தில் நடந்துகொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் குடுவைக்குள் இருக்கும் விந்துமீது இந்தக் கோடையின் வெயில் படுவதில்லை. மேய்ச்சல் நிலத்தை விற்றுவிட்டு நைட்ரஜன் குடுவை வாங்குவதை நான் பாதுகாப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.