சிபியு சும்மா இருக்கிறது, பக்கமோ வரவில்லை: மறுதொடக்கத்துக்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: எங்கள் இணையச் செயலி ஜாவாவின் ஸ்பிரிங் பூட் கட்டமைப்பில் எழுதப்பட்டது. கோரிக்கைகளை முதலில் வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸுக்குப் பின்னால், ஜாவா செயலிகளை இயக்கும் டாம்கேட்டில், 8 ஜிபி நினைவகம் கொண்ட ஒரே சர்வரில் இயங்குகிறது. பயன்பாடு கூடும் நேரத்தில் பக்கங்கள் வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. 504 பிழைகள் வருகின்றன. சில நாட்களில் செயலியே நின்றுவிடுகிறது. சிபியு பயன்பாடு 20 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. த்ரெட் (கோரிக்கைகளைக் கையாளும் இழை) எண்ணிக்கையை 800 ஆகவும் ஹீப்பை (ஜாவா தன் தரவுகளை வைக்கும் நினைவகப் பகுதி) 7 ஜிபியாகவும் உயர்த்திப் பார்த்தோம், பலனில்லை. மறுதொடக்கம் செய்தால் சற்று நேரம் சரியாகிறது. எங்கே தேடுவது?

பதில்: சிபியு 20 சதவீதத்தில் இருக்கும்போதே பக்கங்கள் தாமதிக்கின்றன என்பதுதான் உங்கள் கேள்வியில் உள்ள முக்கியமான துப்பு. கோரிக்கைகள் எதற்காகவோ காத்துக் கிடக்கின்றன. எதற்காக என்பதைச் சொல்லும் சான்று, நீங்கள் மறுதொடக்கம் செய்யும் நொடியில் அழிந்துவிடுகிறது. ஆகவே அடுத்த முறை சர்வர் மந்தமாகும்போது, மறுதொடக்கத்துக்கு முன் ஜேஸ்டாக் கருவியைக் கொண்டு பத்து நொடி இடைவெளியில் மூன்று த்ரெட் டம்ப்புகள் (அந்த நொடியில் ஒவ்வொரு த்ரெட்டும் நிரலின் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்து வையுங்கள். ஒன்று மட்டும் எடுத்தால் தற்செயலாக அங்கே நின்ற த்ரெட்டையும் உண்மையில் சிக்கிக்கொண்ட த்ரெட்டையும் பிரித்தறிய இயலாது. மூன்றிலும் ஒரே வரியில் நிற்பதே சிக்கியது.

அவற்றில் கோரிக்கைகளைக் கையாளும், பெயரில் ‘எக்ஸெக்’ என்று வரும் டாம்கேட் த்ரெட்களைப் பாருங்கள். பெரும்பாலானவை ஹிகாரி கனெக்‌ஷன் பூலில் (தரவுத்தள இணைப்புகளைத் தயாராக வைத்துக் கொடுக்கும் தொகுப்பு) இணைப்பு கேட்டு நிற்கின்றன என்றால், பூல் வறண்டுவிட்டது என்று பொருள். நீங்கள் சொல்லும் அரை நிமிடம் எனக்கு அந்தச் சந்தேகத்தையே வலுப்படுத்துகிறது: ஹிகாரியின் இயல்பான காத்திருப்பு வரம்பு 30 நொடி, அது கடந்ததும் ‘இணைப்பு கிடைக்கவில்லை, 30000 மில்லிநொடிக்குப் பின் காலாவதி’ என்ற பொருளில் ஒரு பிழை செயலியின் லாகில் பதிவாகும். அதைத் தேடிப் பாருங்கள்.

பூலின் இயல்பான அளவு 10 இணைப்புகள்தான். ஒவ்வொரு கோரிக்கையும் ஓர் இணைப்பை 0.2 நொடி பிடித்துவைத்தால் நொடிக்கு 50 கோரிக்கைகளை முடிக்கலாம்; அதே பிடி 2 நொடியாக நீண்டால் நொடிக்கு 5 மட்டுமே. இந்நிலையில் டாம்கேட்டின் இயல்பான 200 த்ரெட்களை 800 ஆக்குவது, பத்தே கவுன்டர்கள் உள்ள இடத்தில் வரிசை நிற்கும் கூடத்தை மட்டும் அகலப்படுத்துவதற்கு ஒப்பாகும். அதைத் திரும்ப 200 ஆக்கிவிடுங்கள்.

இனி, காத்து நிற்பவற்றை விட்டுவிட்டு, இணைப்பைக் கையில் வைத்திருக்கும் அந்தப் பத்து த்ரெட்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். குற்றவாளி அங்கேதான் இருக்கும். தரவுத்தளத்தின் பதிலுக்காக நின்றால் வினவலில் பிழை. பெரும்பாலும் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் இல்லாத அட்டவணையாக இருக்கும். நீங்கள் மைஎஸ்கியூஎல் பயன்படுத்தினால், அதில் மெதுவான வினவல்களுக்கான லாக் இயல்பாக அணைந்தே இருக்கும், அதன் வரம்பும் 10 நொடி என்பதால், அதை இயக்கி வரம்பை 1 நொடியாகக் குறைத்தால்தான் பயன். வெளிச் சேவை ஒன்றின் பதிலுக்காக நின்றால், தரவுத்தள இணைப்பைப் பிடித்துவைத்திருக்கும் டிரான்ஸாக்‌ஷனுக்குள்ளேயே அந்த அழைப்பு எழுதப்பட்டிருக்கக்கூடும். வெளிச் சேவைகளை அழைக்க உதவும் ஸ்பிரிங்கின் ரெஸ்ட்டெம்ப்ளேட்டை அப்படியே உருவாக்கிப் பயன்படுத்தினால் பெரும்பாலும் காலவரம்பே இருக்காது. எதிர்ப்பக்கம் பதில் தராவிட்டால் உங்கள் இணைப்பும் அதனோடு சேர்ந்து தொங்கும். காலவரம்பு வையுங்கள், அழைப்பை டிரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே கொண்டுவாருங்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு, பலரும் கவனிப்பதில்லை. ஸ்பிரிங் பூட்டில் தரவுத்தளத்தை அணுக ஜேபிஏ பயன்படுத்தினால் ‘ஓப்பன் இன் வியூ’ அமைப்பு இயல்பாகவே இயங்கும்; அப்போது ஒருமுறை எடுத்த இணைப்பு, பக்கம் முழுவதும் உருவாகி முடியும் வரை திரும்புவதில்லை. செயலி தொடங்கும்போது இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வரி லாகில் வருகிறது, நாம்தான் அதைப் படிக்காமல் கடந்துவிடுகிறோம். இதை அணைத்தால், பின்னர் ஏற்றிக்கொள்ளலாம் என்று விடப்பட்ட தரவுகள் பிழை எழுப்பலாம் என்பதால், சோதனைச் சூழலில் பார்த்துவிட்டே மாற்றுங்கள். பூலைப் பெரிதாக்குவதைக் கடைசியில் யோசிக்கலாம்.

செயலி நின்றுபோவதற்கு வருவோம். 504 என்றால் என்ஜின்எக்ஸ் பதிலுக்காகக் காத்து, இயல்பான அமைப்பில் 60 நொடி, ஓய்ந்துவிட்டது என்று பொருள். 502 என்றால் பெரும்பாலும் பின்னால் செயலியே இல்லை. 504 எந்த நிமிடத்தில் 502 ஆக மாறியது என்று குறித்துக்கொண்டு, அதே நிமிடத்தில் செயலியின் லாகையும் லினக்ஸ் கெர்னல் லாகையும் ஒப்பிடுங்கள். செயலியின் லாக் எந்தப் பிழையும் இன்றி சட்டென அறுந்திருந்து, கெர்னல் லாகில் ஜாவா கொல்லப்பட்டதாக ஒரு வரி இருந்தால், நினைவகப் பற்றாக்குறையில் இயங்குதளமே அதை நிறுத்தியிருக்கிறது. 8 ஜிபி சர்வரில் 7 ஜிபி ஹீப் கொடுத்தது இதற்கு வழிவிட்டிருக்கலாம். மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்களுக்கான இடம்), த்ரெட் ஸ்டாக்குகள், நேரடி பஃபர்கள் எல்லாம் ஹீப்புக்கு வெளியே இடம் கேட்பவை. 4 அல்லது 5 ஜிபிக்கு இறக்குங்கள்.

மாறாக, ஜாவாவின் நினைவகப் பிழையே லாகில் இருந்தால், ஹீப் டம்ப் (ஹீப்பில் இருப்பவற்றின் நகல்) எடுக்கும் அமைப்பை இயக்கி வையுங்கள். ஆனால் உடனே நினைவகக் கசிவைத் தேடிப் புறப்பட வேண்டாம்: நூற்றுக்கணக்கில் தேங்கி நிற்கும் கோரிக்கைகள் ஒவ்வொன்றும் தன் தரவுகளை நினைவகத்தில் பிடித்துவைத்திருப்பதால், மந்தம் தீர்ந்தாலே இதுவும் தீரக்கூடும். தீராமல், முழுக் குப்பைச் சேகரிப்புக்குப் (பயன்படாத பொருள்களை ஜாவா அகற்றுவது) பின்னும் மிஞ்சும் ஹீப் அளவு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், அப்போது அந்த டம்ப்பை எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்து, அதிக இடத்தைப் பிடித்துவைத்திருக்கும் பொருள் எது என்று பாருங்கள்.