போர்க்குதிரை வேண்டாத அரசர்

கேள்வி: தலைமுறை தலைமுறையாக நாங்கள் கிறிஸ்தவர்கள். குருத்தோலை ஞாயிறன்று 'ஓசன்னா' பாடும்போது, இயேசுவை நானாகத்தான் அரசர் என்கிறேனா, அம்மா சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிறேனா என்று சந்தேகம் வருகிறது. இது பாவமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: பாவமாவது! இதே கேள்வியை இயேசுவே கேட்டிருக்கிறார். யோவான் நற்செய்தி 18ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். "நீ யூதரின் அரசனா?" என்று ரோமானிய ஆளுநர் பிலாத்து விசாரிக்கிறான். கட்டுண்டு நிற்பவரோ, இதை நீராகக் கேட்கிறீரா, பிறர் சொல்லிக் கேட்கிறீரா என்று திருப்புகிறார். "நான் யூதனா என்ன?" என்று ஆளுநர் நழுவிவிடுகிறான். நீங்கள் நழுவவில்லையே!

குருத்தோலை ஞாயிறன்று இயேசு எருசலேமுக்குள் கழுதைமேல் வந்ததை ஏழ்மை என்று மட்டும் பிரசங்கம் செய்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் திருப்தி கிடையாது. சாலமோன் பட்டத்துக்கு வந்ததே தந்தை தாவீது அரசரின் கோவேறு கழுதையில்தான். அரசர் கழுதைமேல் வருவார் என்னும் செக்கரியா 9:9ஐப் படிப்பவர்கள் அடுத்த வசனத்தையும் படிக்க வேண்டும். எருசலேமில் போர்க்குதிரைகள் இல்லாமல் போகும் என்கிறது அது. மிரட்டிப் பணியவைக்காத அரசர். அவர்முன் பயந்துகொண்டு தலையாட்டத் தேவையில்லை.

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழனன்று நடக்கும் பாதம் கழுவும் சடங்கைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவி, நகம் வெட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அழுக்குக் காலை நீட்ட யாருக்கு மனம் வரும்? அன்று சீடர் பேதுருவுக்கே வரவில்லை. உங்கள் சந்தேகமும் அப்படியொரு கால்தான், கூசாமல் நீட்டுங்கள். சாந்தோமில் கல்லறை கொண்டிருக்கும் தோமாவும் இயேசு உயிர்த்துவிட்டார் என்று மற்றச் சீடர்கள் சொன்னதை ஏற்க மறுத்தவர்தானே! எட்டு நாள் கழித்து வந்த இயேசு அவரை விரட்டவில்லை, காயத்தைத் தொடச் சொன்னார்.

அம்மா சொல்லிக் கொடுத்த செபங்களை விட வேண்டாம். அவை முடிந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, சொந்தப் பேச்சில் இரண்டு வரி சொல்லிப் பாருங்கள். "இன்று உம்மை நம்ப முடியவில்லை" என்பதும் செபம்தான்.

கேள்வி: கிறிஸ்து அரசர் பெருவிழா ஆதியிலிருந்தே உண்டா?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: இல்லை. 1925இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் ஏற்படுத்தியது. முதல் உலகப் போரில் ஐரோப்பிய மணிமுடிகள் பல உருண்டிருந்தன. ரோமில் முசோலினி மார்தட்டிக்கொண்டிருந்தார். விழா முதலில் அக்டோபரின் கடைசி ஞாயிறன்று இருந்தது. இப்போது, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறு.