‘ம்…’ என்றால் சம்மதமா?

கேள்வி: எங்கள் குழுவில் எனக்கு ஜூனியரான ஒரு பெண் இருக்கிறார். புதிய வேலைத் திட்டத்தை நான் விளக்கியபோது ‘ம்…’, ‘சரி சரி’ என்று தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஒப்புக்கொண்டார் என்று நினைத்து வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லி மெயில் அனுப்பிவிட்டேன். மறுநாள், ‘அதற்குள் முடியாது, நான் எப்போது ஒத்துக்கொண்டேன்?’ என்கிறார். பெண்கள் ஏன் மனதில் இருப்பதை நேராகச் சொல்வதில்லை?

பதில்: அவர் எதையும் மறைத்ததாகத் தெரியவில்லை. அந்த ‘ம்’மை நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். போனில் பேசும்போது நாமே எத்தனை ‘ம்’ போடுகிறோம்! ‘லைனில் இருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது.

டேனியல் மால்ட்ஸ், ரூத் போர்க்கர் என்ற மானிடவியலாளர்கள் 1982-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். பெண்கள் போடும் ‘ம்’ பெரும்பாலும் ‘கேட்கிறேன்’. ஆண்கள் போடுவது ‘ஒப்புக்கொள்கிறேன்’. அதனால்தான் பெண்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதாக ஆண்களுக்கும், ஆண்கள் காதிலேயே வாங்குவதில்லை என்று பெண்களுக்கும் தோன்றுகிறதாம்.

சரி, அப்படியானால் பெண்களே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தயங்கி, இழுத்துப் பேசுவது பெண்களின் பாணி என்று ஒரு கருத்து இருந்தது. வில்லியம் ஓபார், பவுமன் ஆட்கின்ஸ் இருவரும் நீதிமன்றச் சாட்சிகளின் பேச்சை ஆராய்ந்து 1980-இல் எழுதினார்கள்: ஆண் சாட்சிகள் சிலரும் அப்படித்தான் பேசினார்கள், நிபுணராக வந்து சாட்சி சொன்ன பெண்ணிடம் அந்தத் தயக்கம் குறைவு. ஆணா பெண்ணா என்பதைவிட யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதே பெரிதாக இருந்தது.

உங்கள் கதையிலும் எனக்கு அந்தச் சந்தேகம்தான். நீங்கள் சீனியர். விளக்கிவிட்டு ‘சரிதானே?’ என்று முடித்திருப்பீர்கள். ஜூனியரிடமிருந்து அதற்கு ‘சரி’யைத் தவிர என்ன வரும்?

அடுத்த முறை, ‘இதில் எந்த இடம் இடிக்கும்?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை நீங்கள் திறக்காதீர்கள். இது கஷ்டம், ஐந்து விநாடி மௌனமே யுகமாகத் தெரியும். அப்புறம், தேதி வெளியே போகும் முன்பு அவருக்கு ஒரு வரி: ‘வெள்ளிக்கிழமை என்று எழுதப்போகிறேன், அனுப்பட்டுமா?’ ஆண் சகாக்களிடமும் இதையே செய்யுங்கள்.

இப்போதைக்கு, போன மெயிலைத் திருத்த வேண்டியது நீங்கள்தான். ‘அவர் ஒப்புக்கொண்டதால்தான்’ என்று அதில் எழுதிவிடாதீர்கள்.